"நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள்" என்கிறது நிறுவனம்: கொடுக்கலாமா?

கேள்வி: மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் இருக்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே 'நர்ஸ் கேர் மேனேஜர்' வேலை பார்க்கிறேன். சர்க்கரை, இதய நோயாளிகளைப் போனில் அழைத்து மருந்து, சாப்பாடு, அடுத்த பரிசோதனை பற்றிப் பேசி, கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். சேர்ந்தபோது என்னிடம் 70 நோயாளிகள் இருந்தார்கள். இப்போது 160 பேர். வேலை முடிய இரவு 10 மணி ஆகிறது. கோவை டீமில் சிலரை ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஹெச்.ஆர். என்னை அழைத்து, "நீங்களே ராஜினாமா கொடுத்தால் நல்ல ரிலீவிங் லெட்டர் தருவோம். இல்லையென்றால் பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை என்று எழுத வேண்டியிருக்கும்" என்றார். சர்வீஸ் 4 வருடம் 8 மாதம். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதல் விஷயம், ராஜினாமா கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் "சரி சார், நான் விலகிக்கொள்கிறேன்" என்று ஒரு வரிகூட அனுப்ப வேண்டாம். ராஜினாமா கையில் கிடைத்துவிட்டால் 'அவராகப் போனார்' என்று நிறுவனம் சொல்லிவிடும். மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை அப்புறம் உங்கள் தலையில்தான் விழும். ஆட்குறைப்பு இழப்பீடும் கைவிட்டுப் போகும்.

ஆட்குறைப்பு என்றால் நிறுவனம்தான் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். ஒவ்வோர் ஆண்டு சர்வீஸுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. ஆறு மாதத்துக்கு மேல் மிஞ்சினால் அதுவும் ஓராண்டுதான், ஆகவே உங்களுக்கு ஐந்து ஆண்டுக் கணக்கு. இதுபோக, மறுதிறன் பயிற்சிக்கென்று 15 நாள் சம்பளம் 45 நாளுக்குள் உங்கள் கணக்கில் வர வேண்டும். பாக்கிச் சம்பளத்தை வேலை முடிந்த இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு.

கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஐந்து வருடம் முடிய வேண்டும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் நான்கு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதையும் ஐந்து வருடமாகக் கருதலாம் என்று மெட்ராஸ் உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. வாரம் ஐந்து நாள் மட்டுமே இயங்கும் நிறுவனமாக இருந்தால் 190 நாளே போதும். உங்கள் 8 மாதம் இந்தக் கோட்டைத் தொட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். சம்பளச் சீட்டையும் வருகைப் பதிவையும் வைத்து நாட்களைத் துல்லியமாக எண்ணிவிடுங்கள். கிராஜுவிட்டிக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளம் மாதம் 26,000 ரூபாய் என்று வைத்தால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, ஐந்து ஆண்டுக்கு 75,000 ரூபாய் வரும்.

நிறுவனம் எடுத்து வைக்கப்போகும் முதல் வாதம், "அவர் மேனேஜர், தொழிலாளர் அல்ல" என்பதாக இருக்கும். பயப்பட வேண்டாம். பதவியின் பெயரைப் பார்க்காமல், முக்கியமாக என்ன வேலை செய்தார் என்பதைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் எஸ்.கே. மைனி வழக்கில் சொல்லிவிட்டது. நோயாளியை அழைத்துப் பேசிப் பதிவு செய்வது திறன் சார்ந்த வேலை. உங்களுக்குக் கீழே ஆள் இல்லை, யாருக்கும் லீவு கொடுக்கும் அதிகாரம் இல்லை என்றால் இந்த வாதம் நிற்காது. அதற்கு மாறாக, ஜூனியர் நர்ஸ்களை மேற்பார்வை பார்ப்பதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு நிலைமை வேறு. அதனால் பணி நியமனக் கடிதத்தை எடுத்து நிதானமாகப் படியுங்கள்.

வேலைச் சுமை பற்றி. போனில் கவனிக்கும் நோயாளிகள் இத்தனை பேர்தான் என்று சட்டம் வரம்பு வைக்கவில்லை. வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு. கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. மேல்நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். லாகின், லாக்-அவுட் நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொரு விஷயம். 160 பேரை முடிக்க முடியாமல், பேசாத நோயாளியிடம் பேசியதாக 'டிக்' போட மனம் தூண்டும். தயவுசெய்து செய்யாதீர்கள். இன்சுலின் அளவு மாறியது தெரியாமல் ஒரு நோயாளி மயங்கி விழுந்தால் பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர். பதிவைத் திரித்ததாக விசாரணை நடத்தி, இழப்பீடே இல்லாமல் அனுப்பவும் அதுவே வழியாகும். நர்ஸ் கவுன்சில் பதிவும் சிக்கலுக்குள்ளாகும். டீம் லீடுக்கு மெயில் போடுங்கள்: "இன்று என்னிடம் 160 பேர். 95 பேரிடம்தான் பேச முடிந்தது. மீதமுள்ளவர்களில் அவசரமானவர்கள் யாரென்று சொல்லுங்கள்." குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். பிறகு 'பெர்ஃபார்மன்ஸ் இல்லை' என்று சொல்வார்களானால் இந்த மெயில்களே உங்களுக்காகப் பேசும்.

ஆதாரம் சேர்க்கிறேன் என்று நோயாளிப் பட்டியலை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். பெயர், போன் நம்பர், நோய் விவரம் வெளியே போனால் நிறுவனத்துக்கு உண்மையான காரணம் கிடைத்துவிடும். எண்ணிக்கை மட்டும் போதும். உங்கள் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, உங்கள் சொந்த மதிப்பீட்டுக் கடிதம் ஆகியவற்றின் நகலை வைத்துக்கொள்ளலாம். அலுவலக லேப்டாப் வீட்டு முகவரிக்கு வந்த கூரியர் ரசீதையும் தேடி எடுங்கள். வழக்கு மதுரையில் நடக்கக் கூடாது, சென்னையில்தான் நடக்க வேண்டும் என்று நிறுவனம் சொன்னால், நீங்கள் திருமங்கலத்திலிருந்தே வேலை பார்த்தீர்கள் என்று காட்ட அந்த ரசீது உதவும்.

ஹெச்.ஆர். சொன்னதற்கு இன்றே பதில் மெயில் அனுப்புங்கள்: "நீங்கள் போனில் ராஜினாமா கேட்டீர்கள். எனக்கு விலக விருப்பமில்லை. தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்." போனில் பேசிய தேதியையும் நேரத்தையும் சேர்த்துவிடுங்கள்.

அதையும் மீறி நிறுத்தினால், மதுரை தொழிலாளர் துறை அலுவலகத்தில் சமரச அதிகாரியிடம் மனு கொடுங்கள். 45 நாளில் தீர்வு வராவிட்டால் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நிறுத்திய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போய்விட வேண்டும், காத்திருந்து காலம் கடத்தாதீர்கள். வக்கீல் ஃபீஸ் பற்றிய கவலை வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மதுரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் கேட்கலாம், அல்லது 15100 எண்ணில் அழைக்கலாம். போகும்போது நியமனக் கடிதத்தையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் மறக்காமல் எடுத்துப்போங்கள்.