அசைவத்தை விட்ட பிறகு ஏன் இந்தக் களைப்பு?

கேள்வி: எனக்கு 27 வயது, எடை 52 கிலோ. ஏழு மாதங்களுக்கு முன் குலதெய்வக் கோயில் கிடாவெட்டில், நான் தழை ஒடித்துப் போட்டு வளர்த்த குட்டியை வெட்டினார்கள். அன்றிலிருந்து கறி, மீன், முட்டை எதையும் தொடவில்லை. காலையில் மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல், மோர். இரவில் இரண்டு தோசை. சாப்பிட்ட கையோடு காபி குடிப்பேன். உப்பைக்கூட இந்துப்பாக மாற்றிவிட்டேன். இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. "கறி தின்னாத உடம்பு இப்படித்தான் ஆகும்" என்கிறார் அம்மா. அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ள எண்ணியிருக்கிறோம். எதைச் சாப்பிட வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும்?

மருத்துவர் பதில்: அந்தக் குட்டிக்காக நீங்கள் எடுத்த முடிவை உடம்பைக் காரணம் காட்டிக் கைவிட வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கறி தொடாத வீடுகளின் சமையலைக் கவனித்துப் பாருங்கள். பருப்பு இல்லாமல் இலை போட மாட்டார்கள். கூட்டு, கீரை, சுண்டல், தயிர் என்று ஏதாவது ஒன்று உடன் இருந்துகொண்டே இருக்கும். உங்கள் தட்டில் கறியும் மீனும் இருந்த இடத்தில் உருளைக்கிழங்கு வந்து உட்கார்ந்துவிட்டது. களைப்பின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் எழுதியிருக்கும் உணவைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளில் கிடைக்கும் புரதம் 30 கிராமை எட்டுவதே கடினம். உங்கள் எடைக்கு ஏறத்தாழ 43 கிராம் வேண்டும். இதை ஈடுகட்டத் தனியாகப் பொடி டப்பா எதுவும் வாங்க வேண்டாம். ரசத்தை விடாதீர்கள், அதற்கு முன் ஒரு கரண்டி கெட்டிப் பருப்போ சாம்பாரோ சோற்றில் விழட்டும். சாம்பார் பாத்திரத்தில் பருப்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் ஊற்றிக்கொண்டால் புளித்தண்ணீர்தான் கிடைக்கும். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி ஊற்றுங்கள். மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை அல்லது தட்டைப்பயறு சுண்டல் சாப்பிட்டால் 10 கிராம் அளவுக்குப் புரதம் சேரும். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம் இருக்கிறது. மோருக்குப் பதில் கெட்டித் தயிர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

மூச்சு வாங்குவதும் முடி கொட்டுவதும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் இரும்புச்சத்தின் மீதுதான் சந்தேகம் வரும். நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உங்கள் வயதுப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்று சொல்கிறது. கறி சாப்பிடும் பெண்களே அந்த அளவைத் தொடத் திணறுகிறார்கள். அதிலும் கறியில் உள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேரும். கீரையிலும் பயறிலும் இருப்பது துணை இருந்தால்தான் நன்றாகச் சேரும். அந்தத் துணை வைட்டமின் சி. முருங்கைக்கீரையை இறக்கி வைத்த பிறகு அரை எலுமிச்சையைப் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் சூட்டில் ஓரளவு வீணாகும். சாப்பாட்டோடு நெல்லிக்காயோ கொய்யாவோ ஒரு துண்டு இருந்தாலும் போதும். பயறை முளைகட்டிச் சமைப்பதும் உதவும்.

நீங்கள் தவிர்க்க வேண்டியவற்றில் நான் முதலில் சொல்வது சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபியைத்தான். காபியிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். காபியை விடச் சொல்லவில்லை, ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

இந்துப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீனையும் முட்டையையும் விட்டவர்களுக்கு அயோடின் கிடைக்கும் முக்கிய வழி அயோடின் கலந்த உப்பு. அதையும் விட்டால் தைராய்டு பாதிக்கப்படலாம். கருவில் வளரும் குழந்தையின் மூளைக்கும் அயோடின் வேண்டும். அயோடின் கலந்த சாதாரண உப்புக்கே திரும்பிவிடுங்கள்.

இனி வைட்டமின் பி12. இதில்தான் புதிதாகச் சைவத்துக்கு வந்தவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கீரை, பயறு, பழம், சிறுதானியம் எதிலும் நம்பத்தக்க அளவில் பி12 கிடையாது. புளித்த இட்லி மாவில் இருக்கிறது, சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருக்கிறது என்று சொல்வதை நம்பாதீர்கள். பாலிலும் தயிரிலும் உண்டு; ஒரு பெரிய தம்ளர் பாலில் ஏறத்தாழ 1 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் வேண்டும். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கும் என்பதால் குறை மெதுவாகத்தான் வெளியே தெரியும்.

என்னிடம் ஓர் இளைஞர் வந்தார். பாலும் இல்லாத முழுத் தாவர உணவில் நான்கு ஆண்டுகள் இருந்தவர். தெருவில் நடக்கும்போது ஒரு கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்திருக்கிறது. அவர் பாட்டுக்கு நடந்திருக்கிறார். யாரோ கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் வெறுங்கால் என்பதே தெரிந்ததாம். பாதத்தில் உணர்வு அந்த அளவுக்கு மரத்துப்போயிருந்தது. பி12 ஊசி போட்டோம், தேறினார். ஆனால் விரல் நுனிகளில் மரமரப்பு முழுதாகப் போகவில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம், இன்னும் ஓராண்டு முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும்.

உங்களுக்கு ஏழு மாதங்கள்தான் ஆகின்றன. முன்பே சேமிப்பு நன்றாக இருந்திருந்தால் இன்றைய களைப்புக்கு பி12 காரணமாக இருக்காது. ஆனாலும் பார்த்துவிட வேண்டும். காரணம், நீங்கள் தாயாகப் போகிறீர்கள். கருத்தரிக்க முயலும் முன்பே ஃபோலிக் அமில மாத்திரை தொடங்கச் சொல்வார்கள். பி12 குறைவாக இருப்பவர் ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும். நரம்புப் பாதிப்போ உள்ளே தொடர்ந்துகொண்டிருக்கும். ரத்த அணுக்கள், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, தைராய்டு ஆகிய நான்கையும் இந்த வாரமே பரிசோதித்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. பி12 அளவு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை. மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அறிக்கை வரும்முன் மருந்துக்கடையில் கேட்டு இரும்பு மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம்.

சுண்ணாம்புச்சத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் நம் ஊரிலேயே இருக்கின்றன. மீனில் கிடைத்த நல்ல கொழுப்புக்குத் தினமும் ஒரு கரண்டி ஆளிவிதைப் பொடி ஓரளவு ஈடாகும். ஜெல்லி மிட்டாயிலும் பல மாத்திரைக் கூடுகளிலும் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும். தின்பண்ட உறையில் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குங்கள், மாத்திரையென்றால் மருந்தாளுநரைக் கேளுங்கள். மனம் ஒப்பினால் முட்டையை மட்டும் மீண்டும் சேர்க்கலாம். இரண்டு முட்டையில் 1 மைக்ரோகிராம் அளவுக்கு பி12 உண்டு. ஒப்பாவிட்டால் விட்டுவிடுங்கள், பாலும் மாத்திரையும் இருக்கின்றன.

பரிசோதனைக்குப் போகும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள். அவர் சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவராக இருந்தால், கறி தின்பவராகவே இருந்தாலும் பி12 குறைந்திருக்கலாம். அவருக்கும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.