கருவாட்டு மெஷின்ல போட்ட காசு

கேள்வி: அக்கா, எங்கட ஊர்த் தம்பி ஒருத்தர் மழைக்காலத்திலயும் கருவாடு காயவைக்கிற சோலார் மெஷின் ஒண்டு கண்டுபிடிச்சு கம்பனி தொடங்கினவர். 2021ல நானும் 3 லட்சம் போட்டு பங்கு எடுத்தன். இண்டைக்கு வரைக்கும் ஒரு சதம் வரேல்ல, ஒவ்வொரு வருஷமும் "இந்த மழையோட சரிவரும் அக்கா" எண்டுதான் சொல்றார், இப்ப இன்னும் 2 லட்சம் கேக்கிறார். பொறுமையா இருக்கிறதோ, காசைத் திருப்பிக் கேக்கிறதோ? ஆள் நல்லவர், கணக்குக் கேட்டா கோவிப்பாரோ எண்டும் யோசனையா இருக்கு.
வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, திருப்பிக் கேக்கிற கதையை முதல்ல விடுங்கோ. நீங்க குடுத்தது கடன் இல்ல, பங்கு. பிரைவேட் கம்பனிப் பங்கை கொழும்புப் பங்குச் சந்தையில கொண்டுபோய் விக்கவும் ஏலாது, ஆராவது வாங்க வந்தாத்தான் உண்டு. அதால அந்த 3 லட்சத்துக்கு நீங்க பொறுமையா இருந்தாலும் ஒண்டுதான், பதறினாலும் ஒண்டுதான். உங்கட கையில இருக்கிற முடிவு அந்த 2 லட்சம் மட்டும்தான்.

பிந்துறதை வச்சு ஆளைச் சந்தேகப்படாதேங்கோ. திருகோணமலையில மழை ஐப்பசியில பிடிச்சா தை வரைக்கும்தான், அதுக்குள்ள ஒரு ஃபேன் பழுதாப்போனா திரும்ப சோதிச்சுப் பாக்க அடுத்த மழை வரவேணும். அதோட 2022ல டொலர் 200ல இருந்து 360க்குப் போன நேரம் பெரிய கம்பனிகளே சாமான் இறக்க ஏலாம நிண்டது, இவர் எந்த மூலைக்கு.

போட்டோகொப்பி மெஷினைப் பாருங்கோ. அமெரிக்காவில செஸ்டர் கார்ல்சன் எண்டவர் 1938ல முதல் கொப்பியை எடுத்திட்டார், 1947ல ஹாலோயிட் எண்ட கம்பனி அதைக் கையில எடுத்தது, சரியா விலைப்பட்ட ஸெராக்ஸ் 914 வந்தது 1959ல. இடையில அந்தக் கம்பனி எப்பிடித் தாங்கினது தெரியுமோ, அவைக்கு போட்டோ பேப்பர் விக்கிற வியாபாரம் ஏற்கனவே இருந்தது. உங்கட தம்பிக்கு அப்பிடி ஏதும் இருக்கோ, வெல்டிங் வேலை, ஃபிரிட்ஜ் ரிப்பேர் எண்டு? இல்லாட்டி பங்குக்காரரிட காசுதான் அவற்ற சாப்பாடு எண்டு வருது, அது வேற கதை.

எனக்கு மெஷினை விட மற்றதுதான் யோசனை. மழை மாசத்தில எங்கட பக்கம் கடலும் கொந்தளிப்பு, போட் இறங்கிறதும் குறைவு, மீனும் குறைவு. மீன் குவியிற மாசத்தில வெயில் சும்மாவே காயவைச்சுக் குடுக்குது, நிலாவெளிப் பக்கம் கரையில பாயை விரிச்சாப் போதும். அப்ப காசு குடுத்து இந்த மெஷினை வாங்கப்போறது ஆர்? மணல் இல்லாம ஈ மொய்க்காம காய்ஞ்ச கருவாட்டுக்கு கொழும்புக் கடையில கூடுதல் விலை குடுப்பினம் எண்டு அவர் சொல்லலாம், சரி, அப்பிடிச் சொல்லி ஒரு மெஷினாவது விலைக்குப் போச்சோ எண்டு கேளுங்கோ. கண்காட்சியில பரிசு வாங்கினது, பேப்பர்ல படம் வந்தது எல்லாம் கணக்கில இல்ல.

பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்பை மற்றவை செய்து விக்க ஏலாதெண்டு எடுக்கிற உரிமை, எடுத்திருந்தா அது ஆற்ற பேர்ல எண்டும் பாருங்கோ, கனபேர் பாக்காம விடுற இடம் இது. அவற்ற சொந்தப் பேர்ல இருந்து கம்பனிக்கு எழுதிக் குடுக்காம இருந்தா, நாளைக்கு அவர் வேற கம்பனி தொடங்கி அதைக் கொண்டுபோகலாம், உங்கட கையில மிஞ்சிறது பட்டறையும் துருப்பிடிச்ச தகரமும்தான். பேட்டன்ட் 20 வருஷம் எண்டாலும் புதுப்பிக்கிற காசு கட்டாட்டி இடையிலயே போயிடும், அந்த ரசீதையும் காட்டச் சொல்லுங்கோ.

கோவிப்பாரோ எண்டு கேட்டிருந்தீங்க. 2007ஆம் ஆண்டு கம்பனிச் சட்டத்தில பங்குதாரருக்கு வருஷக் கணக்கைப் பாக்க உரிமை இருக்கு, நீங்க சலுகை கேக்கேல்ல. போனமுறை மழையில என்ன பழுதாச்சு, இந்தமுறை என்னத்தை மாத்தினது, இந்த 2 லட்சம் எந்தச் சாமானுக்கு எண்டு ஒரு பேப்பர்ல எழுதித் தரச் சொல்லுங்கோ. உண்மையா வேலை செய்யிற ஆள் எண்டா பழுதைப் பற்றி கதைக்கத் தொடங்கினா நிப்பாட்டமாட்டார், உங்களுக்குத்தான் அலுக்கும். பேப்பர் வந்தா, போனாலும் பரவாயில்ல எண்ட அளவுக்குக் கையில காசு இருந்தா மட்டும் குடுங்கோ, அதுவும் புதுப் பங்குக்கு எழுத்து வாங்கிக்கொண்டு. நகையை அடகு வச்சு வேண்டவே வேண்டாம்.