டார்ச்சை அணைத்துவிட்டு நின்றவள்

கேள்வி: ஆறு வருடம் அலைந்து திரிந்து, நீர்ப்பாசனக் கணக்கெல்லாம் சேகரித்து, டெல்டா விவசாயிகளைப் பற்றி ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். படித்த நண்பர்கள் எல்லோரும் “நல்ல உழைப்பு” என்கிறார்கள். ஒருவரும் கடைசி வரை படிக்கவில்லை. முதல் ஐந்து அத்தியாயங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒரு நாவல் மேல் வாசகர்கள் பித்தாகிப் போகிறார்களே, அதற்கு எது காரணம்? கதையா, நடையா, தகவலா, சொல்ல வரும் கருத்தா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: ஐந்தையும் படித்தேன். மூன்றாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் கேள்விக்கான பதிலை நீங்களே அந்தப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கடைமடை ஊர். வசந்தாவின் புருஷன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவள் வயலுக்கு முறைத் தண்ணீர் வருவது ராத்திரி இரண்டு மணிக்கு. டார்ச்சும் மண்வெட்டியுமாகப் போகிறாள். மடை காய்ந்து கிடக்கிறது. வாய்க்காலோடு மேலே நடந்து போய்ப் பார்த்தால், வைக்கோலும் சேறும் வைத்து யாரோ அடைத்திருக்கிறார்கள். பிடுங்கிப் போடுகிறாள். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு, தண்ணீர் வரும் சத்தம் கேட்கிறதா என்று இருட்டில் நிற்கிறாள். எதிர் வரப்பில் இன்னொரு டார்ச் எரிகிறது. வருவது அவளுடைய கொழுந்தன்.

டார்ச்சை அணைத்தாளே, அங்கேதான் உங்கள் நாவல் என்னைப் பிடித்துக்கொண்டது. ராத்திரியில் தண்ணீர் கட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும், கண்ணை விடக் காது முந்திக்கொள்ளும். அதை நீங்கள் விளக்கவே இல்லை. அவள் அணைத்தாள், நானும் காதைத் தீட்டிக்கொண்டு கூடவே நின்றேன். வாசகர் பித்தாவது இப்படித்தான். ஒரு ஆளோடு போய் நிற்க வேண்டும். அந்த ஆளுக்கு ஏதோ ஒன்று உயிர் போகிற மாதிரி வேண்டியிருக்க வேண்டும். அது கிடைக்குமா என்று நமக்கும் அடித்துக்கொள்ள வேண்டும்.

நீங்களோ அடுத்த பக்கத்தில் அவளை வரப்பிலேயே விட்டுவிட்டு, காவிரி நடுவர் மன்றத்துக்குப் போய்விட்டீர்கள். 2007 தீர்ப்பு, தமிழகத்துக்கு 419 டி.எம்.சி., கர்நாடகம் திறந்துவிட வேண்டிய 192 டி.எம்.சி.யை 2018-ல் உச்ச நீதிமன்றம் 177.25 ஆகக் குறைத்தது... பதினோரு பக்கம். எல்லாம் சரியான கணக்கு. கட்டுரையாக எழுதி அனுப்புங்கள், மனமாரப் போடுகிறேன். ஆனால் நாவலில் அந்த இடத்தில் எனக்குக் கோபமே வந்தது. 177.25 டி.எம்.சி.யில் வசந்தாவின் மடைக்குக் கணுக்கால் அளவாவது வந்ததா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

பாபநாசத்தில் என் அத்தை வீட்டில் ‘பொன்னியின் செல்வன்’ இருந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தபோதே வாரா வாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து, பைண்டு பண்ணி வைத்தது. அத்தை ஐந்தாம் வகுப்போடு நின்றவர். சோழ ராஜாக்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் தெரியாது. ஒரு தை அமாவாசைக்குக் கோடிக்கரையில் கடலாடப் போனோம். ஈரப் புடவையோடு கடலையே பார்த்துக்கொண்டு நின்றவர், “இங்கதானடா அவ படகு விட்டா” என்றார். பூங்குழலியைச் சொல்கிறார். ராஜராஜனுக்குத் தஞ்சாவூரில் கோயில் நிற்கிறது, அதன் சுவரெல்லாம் கல்வெட்டு. கல்கியின் கற்பனையில் பிறந்த பூங்குழலிக்கு எந்தக் கல்லிலும் ஒரு வரி கிடையாது. அத்தை தேடியது அவளைத்தான்.

தகவலே கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே நாவல் தொடங்குவதே ஒரு பாசன ஏரியில்தான். ஆடிப் பதினெட்டு, வீரநாராயண ஏரிக்கரை, அதாவது நம் வீராணம். களைத்துப்போன குதிரை மேல் வந்தியத்தேவன் மெள்ளப் போகிறான். அந்த ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய்கள் என்று கேள்விப்பட்டவன், ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகிறான். மதகுக் கணக்குதான், நீங்கள் கொடுத்த அதே ஜாதித் தகவல்தான். ஆனால் எண்ணுகிறவன் ஒரு இளைஞன், புது ஊர், புது வழி, எல்லாவற்றின் மேலும் ஆசை. ஏரியின் நீளத்தைப் படிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் அவன் கூடவே எண்ணிக்கொண்டு போகிறோம்.

கருத்து வேண்டாமா என்கிறீர்கள். தமிழின் முதல் நாவலே உங்கள் டெல்டாவில் வேலை பார்த்தவர் எழுதியது. மாயூரத்தில், இன்றைய மயிலாடுதுறையில், முனிசீப்பாக, அதாவது நீதிபதியாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, 1879. பக்கத்துக்குப் பக்கம் புத்திமதி உண்டு. அதில் எதுவும் இன்று எனக்கு ஞாபகம் இல்லை. ஆண் வேடத்தில் ராஜாவாகவே ஆகிவிடும் ஞானாம்பாளை மறக்கவே மாட்டேன்.

நடை போதும், மூன்றாம் அத்தியாயத்தில் இருப்பதே போதும். ஐந்தாவதில்தான் சறுக்குகிறீர்கள். வசந்தா மாமியாரிடம் “நமது வாழ்வாதாரம் கேள்விக்குறியாகிவிட்டது” என்கிறாள். எந்த ஊர் மருமகள் அப்படிப் பேசுவாள்? “நாத்து காஞ்சு போவுது அத்தே” என்பாள். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவாள். அந்த மாமியாருக்கு அது போதும். எனக்கும் போதும்.

சரி, இப்போது ஒரு வேலை செய்யுங்கள். நான்காம் அத்தியாயத்தை எடுத்துத் தனியே வையுங்கள். அவள் கையில் மண்வெட்டி இருக்கிறது. கொழுந்தன் டார்ச்சோடு வரப்பில் வந்துகொண்டிருக்கிறான். அடைத்தது அவன்தானா, அல்லது அவன் வயலும் காய்ந்துதான் கிடக்கிறதா? மூன்று நாளாக எனக்கு இதே நினைப்பு. விடிகிற வரைக்கும் எழுதி அனுப்புங்கள்.