கம்பி போடுவது யார்?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. மேல்வரிசைப் பற்கள் எத்தி நிற்கின்றன. எங்கள் ஊர் கிளினிக்கில், நான்கு பற்களை எடுத்துவிட்டுக் கம்பி போட வேண்டும் என்கிறார்கள். நாகர்கோவிலில் பார்த்த டாக்டரோ, எந்தப் பல்லையும் எடுக்காமல், அலைனர் என்ற நிறமற்ற பிளாஸ்டிக் உறையைப் பல்லில் போட்டாலே போதும் என்கிறார். மேல் பல்லைப் பிடுங்கினால் பார்வை போய்விடும் என்று என் மாமியார் பயப்படுகிறார். யாரை நம்புவது?
- வாசகி, கருங்கல்

பதில்: மாமியாரில் இருந்தே தொடங்குகிறேன். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை போகாது. அடுத்த முறை அவரையும் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். டாக்டர் வாயால் கேட்டால் மனம் ஆறும்.

இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னதால் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று ஆகிவிடாது. தாடையில் எவ்வளவு இடம் இருக்கிறது, பற்கள் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன, உதடு சிரமமில்லாமல் மூடுகிறதா என்பதைப் பொறுத்தே பல்லை எடுப்பதும் விடுவதும். முழு வாய் எக்ஸ்ரே, முகத்தைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரே, பற்களின் அச்சு ஆகியவற்றைப் பார்க்காமல், டார்ச் அடித்துப் பார்த்ததோடு முடிவு சொல்லியிருந்தால் அது வெறும் ஊகம்.

அடுத்து, சிகிச்சை செய்யப்போகிறவர் யார் என்று கேளுங்கள். பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ். 5 ஆண்டுப் படிப்பு. அதற்கு மேல் பல் சீரமைப்பில் 3 ஆண்டு எம்.டி.எஸ். படித்தவரே இதற்கான நிபுணர். சிறிய ஊர்களில் இவர் மாதத்தில் ஓரிரு நாள் மட்டும் வெளியிலிருந்து வந்துபோவது உண்டு. அதில் தவறில்லை. ஆனால் கடைசி வரை அவரே பார்ப்பாரா, நடுவில் கம்பி கன்னத்தில் குத்தினால் யார் சரிசெய்வார் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு. 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். பள்ளி விட்டு வந்து பஸ் ஏறும் பிள்ளைக்கு ஏறத்தாழ 20 பயணம். தகுதி சமமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரே மேல்.

கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டும் சிறு துண்டுதான் பிராக்கெட். உலோக பிராக்கெட் உறுதியானது, செலவும் குறைவு. பல் நிறத்தில் வரும் செராமிக் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. விலை கூடுதல், உடையவும் கூடும். அலைனரைக் கழற்றி மாட்டலாம் என்பதுதான் அதன் வசதி, ஆபத்தும் அதுவே. தினமும் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருந்தால்தான் பல் நகரும். மதியச் சாப்பாட்டுக்குக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைத்து, அதைக் குப்பையோடு வீசிவிட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பற்கள் அதிகம் நகர வேண்டியிருந்தால், 13 வயதில் என் ஓட்டு உலோகக் கம்பிக்குத்தான்.

கம்பி போட்டால் முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் கொஞ்ச காலம் தள்ளி நிற்க வேண்டும். "ஒன்றும் கடிக்கவில்லை டாக்டர்" என்று அம்மா சொல்லும்போது, பெயர்ந்த பிராக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மகள் தரையைப் பார்ப்பாள். மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும் தாராளமாகச் சாப்பிடட்டும்.

செலவு கவலை என்றால் குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளில் பொதுவாகக் கட்டணம் குறைவு, காத்திருக்கும் நேரம் அதிகம். எங்கே போனாலும், கம்பியைக் கழற்றியபின் போடும் ரிட்டெய்னர் அந்தத் தொகைக்குள் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். அதைப் போடாமல் விட்டால் பற்கள் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும்.