ஆறு காணாமல் போகும் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செப்டம்பரில் குடும்பத்தோடு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்குப் போகிறோம். மெக்கென்சி ஆற்றுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். சஹாலி, கூஸா இரண்டு அருவிகளும் சாலையோரத்திலேயே இருக்கின்றன, ஒரு மணி நேரம் போதும் என்கிறார்கள். நீலக்குளத்துக்கு நடந்துதான் போக வேண்டுமாம். அதற்கு மேலே ஆறே இருக்காது, வெறும் கல்தான் என்றார் நண்பர். அவ்வளவு தூரம் நடப்பது தகுமா? 12 வயது மகன் குளத்தில் குதிக்க வேண்டும் என்கிறான்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நடந்து போங்கள். அந்த வெறும் கல்லையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

அருவிகளைக் குறைத்துச் சொல்லவில்லை. சஹாலி சுமார் 100 அடி, கூஸா சுமார் 70 அடி. இரண்டையும் இணைத்து ஆற்றின் இரு கரையிலும் இரண்டரை மைல் சுற்றுப்பாதை உண்டு. கூஸாவில் விழுகிற தண்ணீரைப் பார்த்து முடித்ததும், பக்கத்துப் பாறையைப் பாருங்கள். அடிவாரத்தில் பாறை இடுக்குகளிலிருந்தும் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருக்கும். இந்த ஆற்றைப் புரிந்துகொள்ள அந்தப் பாறைதான் தொடக்கம்.

அது எரிமலைக் குழம்பு ஆறிய பாறை. உடம்பெல்லாம் வெடிப்பும் துளையும். காஸ்கேட் மலைகளில் உருகும் பனி அதற்குள் இறங்கி, ஆண்டுக்கணக்கில் உள்ளேயே ஊர்ந்து, ஊற்றாக வெளியே வருகிறது. அதனால்தான் கோடை முடிந்து நீங்கள் போகும் நேரத்திலும் அருவிகள் வற்றியிருக்காது.

நீலக்குளத்துக்குக் கீழ்ப்புறத்திலிருந்து ஏறக்குறைய 2 மைல். முதல் பாதி மெத்தென்ற காட்டுப்பாதை, ஆறு இரைந்துகொண்டே கூட வரும். அப்புறம் கூரான எரிமலைக் கற்கள். நல்ல பிடிப்புள்ள காலணி இல்லாமல் போகாதீர்கள். குளத்தை நெருங்கும்போது இரைச்சல் அடங்கிவிடும். எதிரே அருவி விழ வேண்டிய பாறைச்சுவர் காய்ந்து கிடக்கும். அதன் காலடியில் அசைவே இல்லாமல் நீலம். இந்தப் பகுதிப் பழங்குடிகளும் வணிகர்களும் பேசிய சினூக் கலப்புமொழியில் இந்த இடத்தின் பெயர் டமோலிட்ச், அதாவது வாளி. தண்ணீர் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்ளும். இங்கே கலங்கலும் இல்லை, பாசியும் மிகக் குறைவு. அதனால் மிஞ்சிய நீலம் அப்படியே கண்ணுக்கு வருகிறது.

அங்கிருந்து திரும்பிவிடாமல் இன்னும் அரை மணி நேரம் மேலே நடங்கள். ஆற்றுப்படுகை இருக்கும், கரைகள் இருக்கும், பாசி போர்த்திய கற்கள் இருக்கும். ஆறு மட்டும் இருக்காது. நான் அந்தப் படுகையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். சுமார் 1600 ஆண்டுகளுக்கு முன் பெல்க்னாப் எரிமலையிலிருந்து வழிந்த குழம்பு இந்தப் பள்ளத்தாக்கை மூடியது. ஆறு அதற்கடியில் போய்க் குளத்தில்தான் மறுபடி தலைகாட்டுகிறது. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இந்த வறட்சிக்கு எரிமலை மட்டும் காரணமல்ல. 1960களில் மின்சாரத்துக்காக மேலே கார்மென் அணையைக் கட்டித் தண்ணீரைச் சுரங்கம் வழியாகத் திருப்பிவிட்டார்கள். அதனால்தான் டமோலிட்ச் அருவி இப்போது வெள்ளக் காலத்தில் மட்டும், அதுவும் அபூர்வமாக விழுகிறது.

மகன் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். குதிக்கவே கூடாது. கோடையிலும் தண்ணீர் 4 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நான் கையை வைத்துப் பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் விரல்கள் வலிக்கத் தொடங்கிவிட்டன. அந்தக் குளிரில் விழுந்ததும் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், தலை தண்ணீருக்குள் இருந்தாலும் இழுக்கும். சில நிமிடங்களில் கைகால் சொன்னபடி கேட்காது. அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. அடிபட்டவரை அந்தக் கூரான கற்களைத் தாண்டி இரண்டு மைல் தூக்கி வர வேண்டும்.

செப்டம்பர் காட்டுத்தீக் காலம். 2020-இல் இந்தப் பள்ளத்தாக்கில் பெரும் பகுதி எரிந்தது அந்த மாதத்தில்தான். பாதை திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு ஏமாற்றமாக இருக்கும், சரி. அவனை மாலையில் கிளியர் ஏரிக்குக் கூட்டிப்போங்கள். சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆற்றை மறித்ததில் உண்டான ஏரி அது. அன்று மூழ்கிய காடு, தண்ணீரின் குளிர்ச்சியால் மட்காமல், இன்னும் அடியில் நின்றுகொண்டிருக்கிறது. மோட்டார் படகுக்கு அனுமதியில்லை, துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய்த் துடுப்பை நிறுத்தச் சொல்லுங்கள். அலை அடங்கியதும் மரங்கள் தெரியும்.