முற்றிய கண்புரைக்கு 6 மி.மீ. வெட்டு பழைய முறையா?

தேவகோட்டை ஆச்சிக்குப் புரை முற்றிவிட்டது, டாக்டரோ ‘பேகோ’ ஆபரேஷன் வேண்டாம், 6 மி.மீ. வெட்டு போடலாம் என்கிறார், ஏன், அது பழைய முறையா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சொல்வது சரிதான்.

பேகோவில் 2.2 முதல் 2.8 மி.மீ. துளை வழியே ஊசிமுனையை விட்டு, அல்ட்ராசவுண்டால் புரையை உடைத்து உறிஞ்சுவார்கள். பழுப்பேறி இறுகிய புரையை உடைக்க நெடுநேரம் ஆற்றல் செலுத்த வேண்டும். அந்தச் சூட்டிலும் அதிர்விலும் கருவிழியின் உட்புறச் செல்கள் சாகும். அவை மறுபடி வளராது. கருவிழி வீங்கி மங்கிப்போவது இதனால்தான். லென்ஸ் உறையும் கிழியலாம்.

மாற்று முறையில் வெள்ளைவிழியில் சுமார் 6 மி.மீ. சுரங்க வெட்டுப் போட்டு, புரையை முழுசாக வெளியே எடுப்பார்கள். வெட்டு தானே மூடிக்கொள்ளும், பெரும்பாலும் தையல் வேண்டாம். செலவும் குறைவு. கொஞ்சம் சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு கோணலாவதால் கண்ணாடியில் சேரும் பவர்) கூடலாம், அவ்வளவே. இரண்டிலும் உள்ளே செயற்கை லென்ஸ் வைப்பார்கள்; பேகோவில் பெரும்பாலும் மடிக்கும் லென்ஸ், இதில் பெரும்பாலும் மடியாத லென்ஸ். செயற்கை லென்ஸ் வைப்பது 1949இல் லண்டனில் கண் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி தொடங்கிவைத்தது.

ஐயாவுக்கும் செய்வதானால், புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிட்டிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டாலும் சொல்ல வேண்டும்: ஆபரேஷன் நடுவே கண்பாப்பா சுருங்கி, அதைச் சுற்றியுள்ள நிறத்திரை (ஐரிஸ்) தொளதொளத்துவிடலாம்.

பிறகு சில வாரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணில் படக்கூடாது. பின்கட்டு விறகடுப்புப் பக்கம் ஆச்சியை விடாதீர்கள். வலி, சிவப்பு, பார்வை மங்கல் எது வந்தாலும் அன்றே காட்டுங்கள்.