அணங்கும் பேயும்: வாசகர் கேள்வி-பதில்

பேய்க்கதை, அமானுஷ்யக் கதை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தோம். டெல்டாப் பக்கத்திலிருந்துதான் கடிதங்கள் அதிகம். அவற்றில் ஆறு இங்கே.

பேய் கிடையாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் ராத்திரி பதினோரு மணிக்குப் பேய்க்கதை படித்தால், கொல்லைக் கதவைத் தாழ் போட்டோமா என்று எழுந்து போய்ப் பார்க்கிறேன். மறுநாள் இன்னொரு கதையைத் தேடுகிறேன். இது என்ன வியாதி?
வாசகி, மன்னார்குடி

வியாதியெல்லாம் இல்லை. ஏதோ சரசரத்தால் உடம்பு முதலில் தயாராகிவிடும், அறிவு பின்னால்தான் வந்து சேரும். அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. 'சே, பூனை' என்று தெரிந்தாலும் சுரந்தது சுரந்ததுதான். அது அடங்கச் சில நிமிஷம் பிடிக்கும். ஆபத்து போய்ப் படபடப்பு மட்டும் மிஞ்சுகிற அந்த நேரம்தான் சுகம். ராட்டினத்தை விட்டு இறங்கியதும் சிரிக்கிறோமே, அதே கணக்கு.

அச்சத்துக்குத் தொல்காப்பியர் சொல்லும் காரணம் நாலு: அணங்கு (பேய் மாதிரி வருத்தும் அமானுஷ்ய சக்தி), விலங்கு, கள்வர், தம் இறை. மன்னார்குடிக்குப் புலி வராது. கள்வருக்குப் பூட்டும் கேமராவும் இருக்கின்றன. இறைக்கு, அதாவது மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு, இன்றைக்கும் பயப்படுகிறோம். அதில் ஒரு சுகமும் கிடையாது. வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடிவைக்க முடிகிற பயம் அணங்கு ஒன்றுதான்.

நூறு கதை படித்து ஊறிப்போனவர்கள் இவ்வளவு சுலபத்தில் படபடக்க மாட்டார்கள். அவர்கள் பார்ப்பது சட்டதிட்டத்தை: இந்தப் பேய் எதைத் தாண்டாது, எதற்குக் கட்டுப்படும், கதாசிரியர் எந்த இடத்தில் அந்தச் சட்டத்தை வளைக்கிறார்? 1897இல் வந்த டிராகுலாவை இன்னும் விடாமல் படிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டில் ஒருவர் அழைக்காமல் அவர் முதல் தடவை உள்ளே வர முடியாது. ஓடும் தண்ணீரை நினைத்த நேரத்தில் கடக்கவும் முடியாது. அடிக்கு ஒரு வாய்க்கால் இருக்கும் நம் ஊரில் அவர் பாடு திண்டாட்டம்தான்.

பேய்க்கதை என்பது வெள்ளைக்காரனிடம் கடன் வாங்கியது என்கிறார் என் நண்பர். உண்மையா?
வாசகர், சீர்காழி

உங்கள் நண்பரைப் பூம்புகாருக்கு பஸ் ஏற்றிவிடுங்கள். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் என்று ஒரு காதை வருகிறது. இடம் காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாடு. சார்ங்கலன் என்ற பையன் தனியாக அந்த வழியே போகிறான். சாத்தனார் பேயை உடனே காட்டவில்லை. செம்பஞ்சுக் குழம்பு பூசிய பாதத்தை வாயில் கவ்வியபடி ஊளையிடும் நரி, கடகம் போட்ட கையைக் கடித்துக்கொண்டு குரைக்கும் நாய் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. பாதத்தில் சாயம் இன்னும் அழியவில்லை, கையில் நகை இன்னும் கழலவில்லை. நேற்றுவரை யாரோ ஒருவர் அலங்கரித்துக்கொண்ட உடம்பு அது என்பதை அந்த இரண்டு பொருள் சொல்லிவிடுகிறது. அப்புறம்தான் ஒரு தலையைக் கையில் ஏந்தி ஆடும் பேய்மகள். அவள் பையனைத் தொடக்கூட இல்லை. வீட்டுக்கு ஓடி வந்தவன், சுடுகாட்டுப் பேய்க்கு உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று தாயிடம் சொல்லிச் சாகிறான். தாய் கோதமை நியாயம் கேட்கப் போக, அணங்கும் பேயும் உயிரை உண்ணாது, அவன் மருட்சியைப் பற்றிக்கொண்டு ஊழ்வினைதான் உண்டது என்கிறது சம்பாபதித் தெய்வம். மன்னார்குடி வாசகிக்கு நாங்கள் சுற்றிவளைத்துச் சொன்னதை அந்தத் தெய்வம் ஒரே வரியில் சொல்லிவிட்டது.

காரைக்காலும் பக்கம்தான். தன்னையே 'காரைக்கால் பேய்' என்று சொல்லிக்கொண்ட அம்மையார், ஆலங்காட்டுப் பெண்பேயை வர்ணிக்கும் முறையை எழுத ஆசைப்படுபவர்கள் மனப்பாடம் செய்யலாம். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், ஒட்டிய வயிறு, செம்பட்டை முடி, நீண்ட இரண்டு பல், துருத்திய கணுக்கால். எல்லாமே கண்ணால் பார்க்கக்கூடிய உறுப்பு. 'கோரமான' என்று ஒரு சொல் கிடையாது. கலிங்கத்துப்பரணிப் பேய்கள் வேறு ரகம். கூழ் காய்ச்சுமுன் தந்தத்தால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழிக்கும். பயத்தையும் சிரிப்பையும் ஒரே பானையில் கிண்டியவர் ஜெயங்கொண்டார். நவீனச் சிறுகதைக்குப் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' போதும். நண்பருக்கு அதைப் பரிசாகக் கொடுங்கள்.

'நள்ளிரவு. அமாவாசை. பயங்கரமான இருட்டு. மோட்டார் கொட்டகையில் வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி...' இப்படித் தொடங்கி 2000 சொல்லில் ஒரு கதை எழுதினேன். படித்தவர்கள் சிரிக்கிறார்கள். எங்கே தப்பு?
வாசகர், திருத்துறைப்பூண்டி

முதல் வரியிலேயே பேயை இறக்கிவிட்டீர்கள். அதற்குமேல் ஏற இடம் இல்லை.

கணக்கை மாற்றுங்கள். முதல் 500 சொல்லில் வேலை மட்டும் நடக்கட்டும்: யார், எந்த வயல், ராத்திரியில் ஏன் தண்ணீர் பார்க்கப் போகிறார் (முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள், அவர் முறை இரண்டு மணிக்கு). 500ஐ ஒட்டி ஒரு சின்னக் கோணல். அதற்குச் சாதாரணமான காரணத்தை வாசகரே சொல்லிக்கொள்ள வேண்டும். 1100 வாக்கில் இரண்டாவது கோணல். இதற்கு எந்தக் காரணமும் எடுபடக் கூடாது. 1700 வாக்கில் உருவம், நாலு வரிக்கு மேல் வேண்டாம். பிறகு 200 சொல்லில் முடித்துவிடுங்கள்.

உதாரணம். வாய்மடையை மண்வெட்டியால் வெட்டித் திறக்கிறார். அரை மணி கழித்து வந்தால் மடை அடைத்திருக்கிறது. பக்கத்து வயல்காரன் வேலை என்று திட்டிக்கொண்டே மறுபடி வெட்டுகிறார். தண்ணீர்த் தகராறு தெரிந்த எவரும் இதை நம்புவார்கள். அடுத்த தடவையும் அடைத்திருக்கிறது. டார்ச் அடிக்கிறார். ஈரக் களிமண்ணில் உள்ளங்கை அழுத்திய தடம், ஐந்து விரலும் தெளிவாக. விரல் நுனிகள் கரையைப் பார்த்திருக்கின்றன. கரையில் நின்று அடைத்திருந்தால் அவை தண்ணீரைப் பார்த்திருக்கும்.

'பயங்கரமான' என்ற சொல் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா?

டெல்டாவை வைத்து எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது காலண்டரில். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும். உங்கள் கதையில் அந்தப் பெண் சித்திரை மாதம் கரைபுரண்டு ஓடும் காவிரியில் முழுகிச் சாகிறாள். தஞ்சாவூர்க்காரர் அந்த வரியிலேயே புத்தகத்தை மூடிவிடுவார். மணலில் எப்படி முழுகுவது? ஐப்பசிக்கு மாற்றுங்கள். அணை கட்டி முடிந்தது 1934இல். தாத்தா காலத்துக் கதை என்றால் இந்தத் தேதிகளே பொருந்தாது.

மல்லிகை வாசமும் கொலுசுச் சத்தமும் தேய்ந்துபோனவை. உங்களிடம் தவளை இருக்கிறதே! ஆள் நெருங்கினால் தவளைகள் கத்துவதை நிறுத்தும் என்பது வயலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். உங்கள் ஆள் வரப்பில் அசையாமல் நிற்கிறார், அப்போது நிறுத்துகின்றன. செல்போனை 'சிக்னல் இல்லை' என்று சாகடிப்பதும் சோம்பேறித்தனம். வீட்டிலிருந்து அழைப்பு வரட்டும், 'பக்கத்துல யாருங்க பேசுறது?' என்று மனைவி கேட்கட்டும். கடைசிப் பத்தியில் முப்பது வருஷத்துக்கு முன் நடந்ததைச் சொல்ல ஒரு கிழவரை வரவழைத்திருக்கிறீர்களே, அவரைத் தயவுசெய்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கொள்ளிவாய்ப் பேய் என்பது சதுப்பில் எரிகிற வாயு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். காரணம் தெரிந்த பிறகு அதைக் கதையில் வைத்தால் எடுபடுமா?
வாசகர், வேதாரண்யம்

எடுபடும். காற்றுப் படாத சேற்றில் தழை மக்கினால் மீத்தேன் உண்டாகும். நடவு வயலில் கால் வைத்தால் குமிழி கிளம்புகிறதே, அதிலும் அது இருக்கும். ஆனால் மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது. ஒரு பொறி வேண்டும், இல்லாவிட்டால் 500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பள்ளிக்கூட விளக்கத்தைக் கதையில் ஒரு வாத்தியார் வாயாலேயே சொல்லவையுங்கள். பொறி வைத்தது யார் என்று பின்பெஞ்சுப் பையன் ஒருவன் கேட்கட்டும்.

அமுக்குவான் பேயும் இதே ஜாதிதான். கனவு வரும் தூக்கத்தில் தசைகளை மூளை செயலிழக்க வைத்திருக்கும். அது விலகுமுன் விழிப்பு வந்தால் கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். மல்லாந்து படுப்பவர்களுக்கு இது அதிகம். இதையெல்லாம் அறிந்த ஒரு நர்ஸுக்கு உங்கள் கதையில் அது வரட்டும். விழிப்பு வந்த பிறகும் பாரம் இறங்கவில்லை என்றால் அவர் என்ன செய்வார்?

போகிற போக்கில்: வயலுக்கு மேல் வெள்ளையாகச் சத்தமே இல்லாமல் கடந்து போனது கூகை என்கிற வெள்ளை ஆந்தையாக இருக்கலாம். இறகு ஓரம் பஞ்சுபோல் இருப்பதால் பறக்கும் ஓசை கேட்காது. அது போடுகிற கிறீச்சிடலும் மற்ற ஆந்தைகளின் அலறல் மாதிரி இருக்காது.

பத்து வயது மகன் பேய்க்கதை கேட்டு நச்சரிக்கிறான். படித்துவிட்டு ராத்திரி அலறுகிறான். தடுத்துவிடலாமா?
வாசகி, பாபநாசம்

தடுத்தால் போர்வைக்குள் படிப்பான். பகலில் படிக்கட்டும், பாதியில் நிறுத்தவிடாதீர்கள். முடியாத கதைதான் தூக்கத்தில் தொடரும். படுக்கைக்குப் போகும் முன் அரை மணி வேறு ஏதாவது படிக்கட்டும். விடியற்காலைப் பக்கம் எழுந்து கனவைச் சொல்லி அழுதால் அது கெட்ட கனவு, அணைத்துக்கொண்டால் போதும். தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அலறி, காலையில் எதுவும் நினைவில்லை என்றால் அது வேறு. அப்போது உலுக்கி எழுப்பாதீர்கள், விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டால் தானே அடங்கும். அடிக்கடி வந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கதைப் புத்தகத்தின் மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம்.

எங்கள் ஊர்க் கோயில் பிரம்மஹத்தியைக் கதையில் பயன்படுத்தலாமா? தெய்வக் குற்றம் ஆகிவிடாதே?
வாசகர், திருவிடைமருதூர்

காவல் தெய்வங்களைப் பேயாக்குவதைத்தான் நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. முனீஸ்வரனும் காத்தவராயனும் சிலருக்குக் குலசாமி. அவர்களைக் கோரைப்பல்லோடு நிறுத்துவது வாசகரில் பாதிப் பேரை அவமதிப்பதாகும். கதையும் ஏழையாகிவிடும், ஏனென்றால் காவல் தெய்வத்துக்கு நியாயம் உண்டு. வெறும் பேயாக்கினால் அது போய்விடும்.

பிரம்மஹத்தி, அதாவது பிராமணனைக் கொன்ற பாவம் உருவெடுத்துத் துரத்துவது, அதன் கதை வேறு. அதன் சட்டம் மகாலிங்கசுவாமி கோயில் வாசலிலேயே இருக்கிறது. வரகுண பாண்டியனைத் துரத்தி வந்த பிரம்மஹத்தி உள்ளே நுழைய முடியாமல் கிழக்கு வாசலில் நின்றுவிட்டது. அவன் மேற்கு வாசல் வழியாக வெளியேறித் தப்பினான். இன்றைக்கும் கிழக்கே நுழைந்தவர்கள் அந்த வழியே திரும்புவதில்லை, அங்கே சிலையும் இருக்கிறது. இதற்குமேல் நீங்கள் எதையும் கற்பனை செய்யத் தேவையில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் செருப்பைக் கிழக்கு வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார் என்று முதல் பத்தியில் எழுதிவிடுங்கள்.